ஒரு மைலுக்கு 11 நிமிடம்: இது மெதுவா? 9 நிமிடத்துக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்?

கேள்வியின் சாரம் இது: வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. நான்கு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறார். ஒரு மைல் ஓட 11 நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் முழு மூச்சைக் கொடுத்து ஓடியும் கடைசி இரண்டு மாதமாக நேரம் அசையவில்லை. 9 நிமிடத்துக்கு வர முடியுமா, எப்படி?

நான்கு மாத ஓட்டத்துக்கு 11 நிமிடம் சரியான இடம்தான். நேரம் அசையாததற்கான காரணமும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முழு மூச்சைக் கொடுத்து ஓடுவதுதான் அந்தக் காரணம். பெரும்பாலான நாட்களில் இப்போது ஓடுவதைவிட மெதுவாக, ஆனால் அதிக நேரம் ஓட வேண்டும். வாரத்தில் ஒரே ஒரு நாள் வேகமாக ஓட வேண்டும். வரப்போகும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் வரும்.

முதலில் எண்களை ஒழுங்குபடுத்திக்கொள்வோம். "ஒரு மைலுக்கு எத்தனை நிமிடம்" என்று கேட்டால் ஆட்கள் இரண்டு வெவ்வேறு எண்களைச் சொல்கிறார்கள். ஒன்று, ஒரே ஒரு மைலை உயிரைக் கொடுத்து ஓடி எடுத்த நேரம். மற்றொன்று, எட்டு பத்து கிலோமீட்டர் நிதானமாக ஓடும்போது செயலி காட்டும் சராசரி. ஒரே ஆளுக்கு இந்த இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிட வித்தியாசம் இருக்கும். அடுத்தவருடைய சராசரியை உங்கள் சிறந்த மைலோடு ஒப்பிட்டுக் கலங்குவது வீண்.

முழு முயற்சியில் ஓடிய ஒற்றை மைலைப் பற்றி மட்டும் பேசினால், புதிதாகத் தொடங்கியவர்கள் பொதுவாக 11 முதல் 14 நிமிடம் எடுப்பார்கள். ஓராண்டு விடாமல் ஓடியவர்களில் பலர் 8 முதல் 10 நிமிடத்துக்குள் இருப்பார்கள். முறையான பயிற்சியோடு சில ஆண்டுகள் ஓடியவர்கள் 6 நிமிடம் 30 விநாடி முதல் 7 நிமிடம் 30 விநாடி வரை வருவார்கள். 6 நிமிடத்துக்குள் ஓடுவது பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் அரிது. 5 நிமிடத்துக்குள் என்றால் அது போட்டி ஓட்டக்காரர்களின் உலகம். ஆண்களின் உலக சாதனை 3 நிமிடம் 43.13 விநாடி. 1999இல் ரோம் நகரில் மொராக்கோவின் ஹிஷாம் எல் கரூஜ் ஓடியது. பெண்களின் உலக சாதனை 4 நிமிடம் 7.64 விநாடி. 2023இல் மொனாக்கோவில் கென்யாவின் ஃபெயித் கிப்யேகன் ஓடியது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 11 சதவீத வித்தியாசம். சாதாரண ஓட்டக்காரர்களிலும், ஒரே அளவு பயிற்சி செய்த ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் ஏறத்தாழ இதே இடைவெளிதான். நாற்பதைத் தாண்டியவர்களின் உச்ச வேகம் ஆண்டுக்காண்டு மெல்லக் குறையும். ஆனால் இப்போதுதான் தொடங்கியவருக்கு அந்தக் கணக்கு இன்னும் பொருந்தாது. உங்கள் உச்சத்தை நீங்கள் இன்னும் எட்டவேயில்லை.

அடுத்தது அளவு. ஒரு மைல் என்பது 1609.34 மீட்டர். 400 மீட்டர் ட்ராக்கில் நான்கு சுற்றும், அதற்கு மேல் 9.34 மீட்டரும். முடிவுக் கோட்டுக்கு 9.34 மீட்டர் பின்னால் நின்று தொடங்கினால் நான்காவது சுற்றின் முடிவில் கணக்கு சரியாகிவிடும். இந்த ஒன்பது மீட்டரை விட்டுவிட்டால் உங்கள் வேகத்தில் கிட்டத்தட்ட 4 விநாடி இலவசமாகக் கிடைத்துவிடும். லேனும் முக்கியம். 400 மீட்டர் என்பது முதல் லேனுக்கு மட்டும்தான். இரண்டாவது லேனில் சுற்றுக்குச் சுமார் 7 மீட்டர் கூடும். நான்கு சுற்றில் 28 மீட்டர், 10 நிமிட வேகத்தில் அது பத்து விநாடிக்கு மேல். கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ்ஸை ட்ராக்கில் நம்ப வேண்டாம். வளைவுகளில் அது பிசகும். மைல் முடிவதற்கு முன்பே முடிந்துவிட்டதாகக் காட்டிவிடும். சுற்றை எண்ணுங்கள், லேப் பொத்தானைக் கையால் அழுத்துங்கள். டிரெட்மில்லில் ஓடுபவர்களுக்கு: 11 நிமிட மைல் என்றால் மணிக்கு சுமார் 8.8 கிலோமீட்டர், 10 நிமிடம் என்றால் 9.7, 9 நிமிடம் என்றால் 10.7. ஆனால் பெல்ட் தேய்ந்த இயந்திரங்கள் காட்டும் வேகமும் உண்மையான வேகமும் பொருந்துவதில்லை. அதனால் டிரெட்மில் நேரத்தை டிரெட்மில் நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். உங்களை எது பிடித்து இழுக்கிறது? கால் வேகமா, தாக்குப்பிடிக்கும் திறனா? ஒரு நாள் நன்றாக உடலைச் சூடாக்கிக்கொண்டு 200 மீட்டரை வேகமாக ஓடிப் பாருங்கள். விழுந்தடித்து ஓட வேண்டாம், கட்டுப்பாட்டோடு ஓடினால் போதும். 50 விநாடியில் முடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் ஒரு மைல் ஓட முடிந்தால் 6 நிமிடம் 42 விநாடிதான் ஆகும். உங்கள் மைலோ 11 நிமிடம். அதாவது, கால்களிடம் தேவைக்கு மேல் வேகம் இருக்கிறது, அதை நீட்டித்துத் தாங்க நெஞ்சும் தசையும் இன்னும் தயாராகவில்லை. 10 நிமிடத்துக்கு மேல் மைல் ஓடுபவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் விடை இப்படித்தான் வரும். மாறாக ஒருவர் 200 மீட்டரை 55 விநாடியில் ஓடி, மைலை 8 நிமிடம் 15 விநாடியில் முடிக்கிறார் என்றால் அவர் தன் உச்ச வேகத்துக்கு மிக அருகிலேயே ஒரு மைல் முழுக்க ஓடுகிறார். அவருக்குத்தான் குறுகிய வேக ஓட்டமும் மேட்டில் ஏறி ஓடுவதும் முதலில் தேவை.

இன்னொரு சோதனையும் உண்டு. பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் தந்த சூத்திரம் ஒன்றை ஓட்டக்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். அதன்படி மைல் நேரத்தை 3.33ஆல் பெருக்கினால் 5 கிலோமீட்டருக்கு ஆகக்கூடிய நேரம் வரும். 11 நிமிட மைலுக்கு அது சுமார் 36 நிமிடம் 35 விநாடி. நீங்கள் 5 கிலோமீட்டருக்கு 41, 42 நிமிடம் எடுத்தால், அல்லது நடுவில் நடக்க வேண்டி வந்தால், அடித்தளம் போதவில்லை என்பது உறுதி.

அடித்தளம் ஏன் இவ்வளவு முக்கியம்? பத்து நிமிடம் நீடிக்கும் ஓட்டத்துக்கான ஆற்றலில் மிகப் பெரும்பகுதி ஆக்சிஜனைக் கொண்டுதான் உருவாகிறது. அந்த ஏற்பாடு விரிவடைய மூன்று விஷயங்கள் நடக்க வேண்டும்: இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு கூட வேண்டும், தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருக வேண்டும், தசை செல்களில் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருக வேண்டும். இவற்றுக்கு மெதுவான ஓட்டமே போதும், மொத்த நேரம்தான் கூட வேண்டும். முழு மூச்சில் ஓடினால் 11 நிமிடத்தில் சோர்ந்து நின்றுவிடுவீர்கள், மறுநாளும் கால் கனக்கும். நிதானமாக ஓடினால் அதே உடம்பு 35 நிமிடம் ஓடும், மறுநாளும் ஓடத் தயாராக இருக்கும்.

நிதானம் என்றால் எவ்வளவு நிதானம்? பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். உங்கள் இப்போதைய நிலைக்கு அது மைலுக்கு 13 முதல் 14 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு எட்டு, எட்டரை நிமிடம். ஓட்டம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் வேகம் இது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள், கூச்சத்தில் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். அந்த வேகத்திலும் மூச்சு வாங்கினால் நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை, பயிற்சியின் பலன் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும்.

முதல் நான்கு வாரத்துக்கு வாரத்தில் நான்கு நாள் ஓடுங்கள். மூன்று நாள் 25 முதல் 30 நிமிடம், ஒரு நாள் 40 நிமிடம், எல்லாமே நிதான வேகம். இவற்றில் இரண்டு நாள் மட்டும் ஓடி முடித்த பிறகு, 15 முதல் 20 விநாடி நீளத்துக்கு நான்கு முதல் ஆறு வேக ஓட்டங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டிரைட்ஸ் என்று சொல்வார்கள். மெல்லத் தொடங்கி, நடுவில் நன்றாக வேகமெடுத்து, கடைசியில் தானாகத் தணிய விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு சீராகும் வரை, ஏறக்குறைய ஒரு நிமிடம், நடக்க வேண்டும். இது களைப்பைத் தராது. ஆனால் வேகமான அடிவைப்பைக் கால்கள் மறக்காமல் வைத்திருக்கும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து அந்த நான்கு நாளில் ஒன்றை இன்டர்வெல் நாளாக, அதாவது குறுகிய வேக ஓட்டங்களை நடுநடுவே ஓய்வு விட்டு ஓடும் நாளாக, மாற்றுங்கள். 9 நிமிடத்தை இப்போதே குறிவைக்க வேண்டாம், முதல் இலக்கு 10 நிமிடம். அந்த வேகத்தில் 400 மீட்டர் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 29 விநாடி, 200 மீட்டருக்கு 1 நிமிடம் 14 விநாடி. முதல் வாரம் 200 மீட்டரை எட்டு முறை ஓடுங்கள், நடுவில் 200 மீட்டர் நடை. அடுத்த வாரம் 300 மீட்டர் ஆறு முறை. அதற்கடுத்த இரண்டு வாரமும் 400 மீட்டர் ஐந்து முறை, நடுவில் இரண்டரை நிமிட நடையோ மெதுவான ஓட்டமோ. ஒவ்வொரு முறையும் முன்னால் பத்துப் பதினைந்து நிமிடம் நிதான ஓட்டம், பின்னால் பத்து நிமிடம்.

இன்டர்வெல்லைக் கெடுப்பது எப்போதும் ஒரே தவறுதான். முதல் சுற்றை 2.10இல் (2 நிமிடம் 10 விநாடி) ஓடிவிடுவார்கள். இரண்டாவது 2.20, நான்காவது 2.45, ஐந்தாவது நடைதான். இப்படி ஓடினால் இலக்கு வேகத்தில் ஓடிப் பழகியதாகவே ஆகாது, மிக வேகமாகவும் மிக மெதுவாகவும் ஓடியதாகத்தான் ஆகும். கடைசிச் சுற்றும் முதல் சுற்றும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். ஒரு சுற்று இலக்கைவிட நான்கைந்து விநாடி தாமதமாகிவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடலாம். முடிக்கும்போது இன்னும் ஒன்று ஓடலாம் என்று தோன்றினால் அளவு சரி.

எட்டாவது வாரக் கடைசியில் சோதனை மைல் ஓடுங்கள். முந்தைய இரண்டு நாளும் லேசாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது சுற்றில் விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. பன்னிரண்டு நிமிடம் மெதுவாக ஓடி, கால்களை முன்னும் பின்னும் வீசி, நான்கு ஸ்டிரைட்ஸ் ஓடி, ஐந்து நிமிடத்துக்குள் தொடங்கிவிடுங்கள். சூடாகாத உடம்போடு தொடங்கினால் முதல் சுற்றிலேயே மூச்சுத் திணறும்.

ஓடும் முறை இப்படி: முதல் சுற்று 2.28, இரண்டாவது 2.30, மூன்றாவது 2.30, நான்காவது 2.28, அந்த ஒன்பது மீட்டருக்கு மூன்றரை விநாடி. 10 நிமிடத்துக்கு அரை விநாடி முன்னால் முடியும். முதல் 200 மீட்டரில் கடிகாரம் 1 நிமிடம் 14 காட்ட வேண்டும். 1 நிமிடம் 5 காட்டினால் அன்றைய மைல் ஏறக்குறைய கைவிட்டுப் போனது போலத்தான். ஓட்டம் தொடங்கி முதல் அரை நிமிடம், முக்கால் நிமிடம் வரை உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் தேவைக்குப் பின்தங்கியே இருக்கும். அந்த இடைவெளியைத் தசையில் ஏற்கெனவே இருக்கும் எரிபொருள் நிரப்புகிறது, அதனால் எந்த வேகமும் அப்போது சுலபமாகத் தெரியும். வேகம் அதிகமாகிவிட்டது என்பதை உடம்பு சொல்லும்போது ஒரு சுற்று முடிந்திருக்கும். ஆகவே முதல் 200 மீட்டருக்கு உணர்வை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள்.

மூன்றாவது சுற்றுதான் மைலின் கடினமான பகுதி. தொடக்க உற்சாகம் தீர்ந்திருக்கும், முடிவு இன்னும் கண்ணில் படாது. 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ராஜர் பானிஸ்டர் முதன்முதலாக 4 நிமிடத்துக்குள் மைல் ஓடியபோது அவருடைய சுற்றுகள் 57.5, 60.7, 62.3, 58.9 விநாடி. வேகத்தைக் காத்துத் தர முன்னால் இரண்டு தோழர்கள் ஓடிய நிலையிலும் மூன்றாவது சுற்றுதான் அவருக்கு மிக மெதுவானது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது சுற்று முடியும் இடத்திலேயே கொஞ்சம் கூடுதலாக அழுத்தத் தொடங்கினால்தான் வேகம் அதே அளவில் நிற்கும். அங்கே "அதே மாதிரி ஓடுகிறேன்" என்று தோன்றினால் கடிகாரம் ஐந்தாறு விநாடி தாமதம் காட்டும்.

ஓடும் பாணியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: பாதம் இடுப்புக்கு வெகுதூரம் முன்னால் போய் விழுகிறதா? வேகம் வேண்டும் என்று அடியை நீட்டி வைப்பவர்களுக்கு இது நடக்கும். ஒவ்வொரு அடியும் ஒரு சிறு பிரேக் போல வேலை செய்து, முழங்காலையும் வதைக்கும். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்து, அதை ஐந்து சதவீதம் மட்டும் கூட்டுங்கள். 156 இருந்தால் 164. எல்லோரும் 180 வைக்க வேண்டும் என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம், உயரத்துக்கும் வேகத்துக்கும் தகுந்தபடி அது மாறும். தோளும் கைமுட்டியும் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சை மூக்கால் மட்டும் இழுக்க முயல வேண்டாம். இந்த வேகத்துக்கு வாயும் மூக்கும் இரண்டும் தேவை.

காயம் எப்போது வரும் என்பது ஓரளவு கணிக்கக்கூடியதே. இதயமும் ரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதனால் ஆறாவது வாரத்துக்கும் பத்தாவது வாரத்துக்கும் இடையில் மூச்சு நன்றாக இருக்கும், இன்னும் ஓடலாம் என்று தோன்றும், கால் மட்டும் தயாராக இருக்காது. ஓட்ட நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டாதீர்கள், ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். கெண்டைக்காலின் முன்பக்க எலும்பு நெடுக வலித்தால் நான்கைந்து நாள் ஓட்டத்தைக் குறையுங்கள். ஒரே இடத்தில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி வலித்து, நடக்கும்போதும் வலித்தால் ஓட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள், எலும்பில் கீறலாக இருக்கலாம். குதிகாலுக்கு மேலே காலையில் எழுந்ததும் இறுக்கமாக இருந்தால் வேக நாளைத் தள்ளிப்போடுங்கள். வாரத்தில் இரண்டு நாள், படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லத் தாழ்த்தி உயர்த்தும் பயிற்சியைப் பதினைந்து முறை வீதம் மூன்று சுற்று செய்தால் பெரும்பாலோருக்குக் கெண்டைச் சதையும் தசைநாணும் உறுதிப்படும்.

வெயிலும் புழுக்கமும் நேரத்தைத் தின்னும். அதே உழைப்புக்கு மைலுக்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ கூடலாம். அப்படிப்பட்ட நாளின் நேரத்தைக் குளிர்ந்த காலை நேரத்தோடு ஒப்பிட்டு மனம் சோர வேண்டாம். பயிற்சி சரியாக இருந்தும் வாரக்கணக்கில் நேரம் மோசமாகிக்கொண்டே போனால் முதலில் தூக்கத்தைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபினையும், உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு பெரும்பாலும் "பயிற்சி போதவில்லை" என்ற வேடத்தில்தான் வரும். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான படபடப்பு வந்தால் சோதனை மைல் இருக்கட்டும், முதலில் இதயப் பரிசோதனை.

11லிருந்து 10க்கு வர எட்டு முதல் பத்து வாரம் பலருக்குப் போதும். 10லிருந்து 9க்கு வர அதைவிட அதிக நாளாகும். நான்கைந்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்தில் நிதான ஓட்டத்தை வாரத்துக்கு மொத்தம் மூன்று மணி நேரம் வரை மெல்லக் கொண்டுபோங்கள். இன்டர்வெல்லில் சுற்றுக்கு 2 நிமிடம் 14 விநாடி இலக்கு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இன்டர்வெல்லுக்குப் பதிலாக, சின்ன வாக்கியம் மட்டும் பேச முடிகிற வேகத்தில் எட்டு நிமிடம், மூன்று நிமிடம் நடை, மறுபடியும் எட்டு நிமிடம் என்று ஓடுங்கள். 800 மீட்டர் மூன்று முறை ஓடுவதையும் இப்போதுதான் தொடங்கலாம், முன்பே வேண்டாம்.

நடுவில் ஓரிடத்தில் நேரம் மறுபடியும் அசையாமல் நிற்கும். அப்போது பயிற்சியைக் கூட்டத் தோன்றும், கூட்டாதீர்கள். பானிஸ்டரும் அவருடைய தோழர்களும் 1954 வசந்தத்தில் 440 கெஜம் (ஏறக்குறைய 400 மீட்டர்) பத்து முறை ஓடும் பயிற்சியில் சுற்றுக்கு 61 விநாடிக்குக் கீழே இறங்க முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். பயிற்சியை விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போனார்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது 59 விநாடி வந்தது. சாதாரண ஓட்டக்காரருக்கு இதன் நடைமுறை வடிவம் எளிது: நான்கு வாரத்துக்கு ஒரு முறை, மொத்த ஓட்ட நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அந்த வாரம் இன்டர்வெல்லை முழுக்க விட்டுவிடுங்கள். ஸ்டிரைட்ஸை மட்டும் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். அடுத்த சோதனை மைலை அந்த லேசான வாரம் முடிந்த இரண்டாவது அல்லது மூன்றாவது நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.